பில் அன்ட் டெட்டுக்காக ஏன் சண்டை பிடித்தோம், எடி வான் ஹேலனுக்காக ஏன் அழுதோம்

தம்பி, போன சனிக்கிழமை வகுப்பு முடிந்து செருப்பை மாட்டிக்கொண்டே நீர் கேட்ட கேள்விக்கு அன்று ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. அடுத்த மாணவி வந்து நின்றுவிட்டார். "சேர், 2020இல் 'பில் அன்ட் டெட்' என்ற நகைச்சுவைப் படத்தின் மூன்றாம் பாகம் வந்தபோது நீங்களும் மாமாவும் மற்ற நண்பர்களும் பேச்சுவார்த்தை இல்லாமல் போகுமளவுக்குச் சண்டை பிடித்தீர்களாம். ஆறு வாரத்துக்குள் கிட்டார்க் கலைஞர் எடி வான் ஹேலன் இறந்ததும் செத்தவீடு போல ஆகிவிட்டீர்களாம். நேரில் பேசியே இராத ஒருவருக்காக ஏன் அப்படி?" என்று கேட்டீர். மாமா சொன்னது உண்மைதான். சண்டையில் அவருடைய குரல்தான் பெரியது என்பதை மட்டும் விட்டுவிட்டிருப்பார்.

இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். சிரிக்க வைப்பதும் கிட்டார் வாசிப்பதும் தாள அடி விழும் நேரத்தில் இருக்கின்றன. அரைக்கணம் முந்தினாலோ பிந்தினாலோ அது வேறு பொருள். அந்த நேரக் கணக்கு ஒரு மனிதரின் உடம்புக்குள் குடியிருக்கிறது. எழுதி வைத்து இன்னொருவரிடம் கொடுக்க முடியாது. அந்த உடம்பு மூப்படைவதைக் கண்டபோது நாங்கள் சண்டை பிடித்தோம். அது போய்விட்டது என்று கேட்டபோது அழுதோம்.

படத்தை நீர் பார்த்திருக்க மாட்டீர், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். 1989இல் வந்த முதல் படத்தில் பில், டெட் என்று இரண்டு பையன்கள். ஊர் கலிபோர்னியாவில் சான் டிமாஸ். சரித்திரப் பாடத்தில் தோற்கப்போகிறார்கள். இசைக்குழு வைத்திருக்கிறார்கள், ஆனால் வாசிக்கத் தெரியாது. இவர்களுடைய இசைதான் பிற்காலத்தில் உலகத்தை ஒன்றாக்கப்போகிறது என்று எதிர்காலத்திலிருந்து ஒருவர் தொலைபேசிக் கூண்டில் வந்து இறங்குகிறார். படம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே எடியின் பெயர் வந்துவிடும். நல்ல குழுவாக வேண்டுமென்றால் எடி வான் ஹேலன் நமக்கு வேண்டும் என்கிறான் ஒருவன். அசத்தலான வீடியோ ஒன்று இல்லாமல் அவர் வரமாட்டார் என்கிறான் மற்றவன். நல்ல வாத்தியம் இல்லாமல் வீடியோ எடுத்துப் பயனில்லை. வாசிக்கவே தெரியாதபோது நல்ல வாத்தியம் எதற்கு? அதனால்தான் எடி வான் ஹேலன் வேண்டும். செக்குமாடு போலச் சுற்றி அதே இடத்துக்கு வந்து நிற்பார்கள்.

வெள்ளவத்தையில் காலி வீதியோரம் இருந்த ஒரு கடையில் வாடகைக்கு எடுத்த வீடியோ கசெட்டில்தான் நாங்கள் நாலு பேர் அதைப் பார்த்தோம். எங்களிடமும் அப்போது ஒரேயொரு கிட்டார். அதிலும் ஐந்து கம்பி. அந்தக் காட்சிக்கு முதல் தடவை யாரும் சிரிக்கவில்லை. எங்களைப் பற்றி யாரோ போய்ச் சொல்லிவிட்டார்கள் என்பது போல இருந்தது. இரண்டாம் தடவை ஓடவிட்டபோதுதான் சிரிப்பு வந்தது, பிறகு அந்த வருடம் முழுவதும் நிற்கவில்லை.

எதிர்பாராதது நடப்பதால் சிரிப்பு வருகிறது என்று சொல்வார்கள். முதல் தடவைச் சிரிப்புக்கு அது சரி. என் அப்பா 1965இல் வந்த 'திருவிளையாடல்' படத்தில் நாகேஷின் தருமி தனியே நின்று புலம்புகிற இடத்தை எத்தனை தடவை பார்த்திருப்பார் என்று கணக்கில்லை. அடுத்து வரும் சொல் அவருக்கு மனப்பாடம். அந்தச் சொல்லுக்கு முன்னால் நாகேஷ் எவ்வளவு நேரம் நிற்பார் என்பதும் தெரியும். அந்த இடைவெளிக்காகத்தான் காத்திருப்பார். வந்ததும் தொடையில் தட்டுவார். கச்சேரியில் தனி ஆவர்த்தனம் முடிந்து பல்லவிக்குத் திரும்பும் இடத்துக்குக் காத்திருப்பவர்களும் அப்படித்தான் தட்டுவார்கள். நூறு தடவை கேட்ட நகைச்சுவை ஒரு மெட்டாகிவிடுகிறது.

இரண்டாம் பாகங்கள் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். 2006இல் வந்த 'தலைநகரம்' படத்தின் நாய் சேகர் கொழும்பில் எந்தத் தமிழ் வீட்டில் பேசப்படவில்லை? அதே பாத்திரம் 2022இல் 'நாய் சேகர் ரிட்டர்ன்ஸ்' என்று திரும்பி வந்தபோது அக்காவின் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஆவலோடு போனேன். வடிவேலு திரையில் தோன்றிய நேரம் கைதட்டினார்கள். பழைய உடல்மொழி எட்டிப் பார்த்த இடங்களில் சிரித்தார்கள். புதிய வசனங்கள் வந்தபோது எங்கள் வரிசை அமைதியாக இருந்தது. அந்த மகா கலைஞரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பதினாறு வருடமாக நாங்கள் உள்ளுக்குள் பாடிப் பழகிய மெட்டுக்குள் புதுச் சொற்களைத் திணிக்கிறார்கள். எங்கள் காது அதை ஏற்கவில்லை. ஆங்கிலத்திலும் இதே கதைதான். 1994இல் வந்த 'டம்ப் அன்ட் டம்பர்' படத்துக்கு 2014இல் இரண்டாம் பாகம் எடுத்தார்கள். ஐம்பது தாண்டிய இரண்டு நடிகர்களை அதே மூடத்தனத்தோடு, நடுவில் இருபது வருடம் போகவேயில்லை என்பது போல ஓடவிட்டார்கள். எனக்குப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

அந்தப் பயத்தோடுதான் 'பில் அன்ட் டெட் ஃபேஸ் த மியூசிக்' படத்துக்குக் காத்திருந்தோம். இரண்டாம் பாகம் 1991இல் வந்தது; இது 2020 ஓகஸ்ட் 28. கொரோனா காலம் என்பதால் அமெரிக்காவில் திரையரங்கிலும் வீட்டுத் திரையிலும் ஒரே நாளில் வெளியிட்டார்கள். செப்டெம்பர் முதல் வாரம் நாங்கள் நாலு பேரும் பார்த்துவிட்டோம். ஒருவன் கொட்டாஞ்சேனையில், ஒருவன் டொரோண்டோவில், உம்முடைய மாமா தெஹிவளையில், நான் இங்கே. அன்று இரவே தொலைபேசியில் சண்டை தொடங்கியது.

டெட்டாக நடிக்கும் கியானு ரீவ்ஸின் அடி பிந்தி விழுகிறது, டெட் இப்படிப் பேசமாட்டான், இவர் டெட்டாக வேடம் போட்டவர் என்றான் கொட்டாஞ்சேனைக்காரன். 1991இலேயே நிறுத்தியிருக்க வேண்டும், செத்த பிணத்தை எழுப்பி நடக்க வைக்கிறார்கள் என்றார் உம்முடைய மாமா. டொரோண்டோவில் இருந்தவன் அழுதுவிட்டேன் என்று மட்டும் சொன்னான், அதற்கு மற்ற இருவரும் அவனைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. அவன் மூன்று நாள் தொலைபேசியை எடுக்கவேயில்லை.

நான் படத்தின் பக்கம் நின்றேன், இன்றும் நிற்கிறேன். அடி பிந்தி விழுந்தது உண்மை. ஆனால் அந்தப் பிந்துதலை எடுத்துத்தான் கதை செய்திருக்கிறார்கள். உலகத்தை ஒன்றாக்கும் பாட்டை எழுதுவார்கள் என்று சொல்லப்பட்ட இருவரும் ஐம்பதைத் தாண்டியும் அதை எழுதவில்லை. மனைவிமார் சலித்துப் போய்விட்டார்கள். எதிர்காலத்தில் எப்படியும் எழுதியிருப்போம் தானே, போய் எங்களிடமே திருடிக்கொண்டு வருவோம் என்று காலப் பயணம் கிளம்புகிறார்கள். போகப் போக, ஒவ்வொரு தடவையும் சந்திப்பது முன்னதைவிடச் சீரழிந்த பில்லையும் டெட்டையும்தான். முதல் படத்தில் எதிர்காலத்திலிருந்து வந்தவராக நடித்த ஜோர்ஜ் கார்லின் 2008இல் இறந்துவிட்டார். அவருக்கு மாற்று ஆளைப் போடாமல், அவருடைய உருவத்தையே சில கணம் காட்டி வணங்கிவிட்டு நகர்கிறார்கள். கடைசியில் பாட்டைச் சேர்த்துக் கட்டுவது இவர்களுடைய இரண்டு மகள்மார். எழுத்தோட்டமெல்லாம் முடிந்த பிறகு ஒரு சின்னக் காட்சி உண்டு. மூப்பர் இல்லத்துக் கட்டிலில் கிடக்கும் இரண்டு கிழவர்கள் மெல்ல எழுந்து கிட்டாரை எடுத்து வாசிக்கிறார்கள். மாமா அதற்கு முன்பே நிறுத்திவிட்டார். அதைப் பாராமல் அந்தப் படத்தைப் பற்றிப் பேசக்கூடாது என்று அவரிடம் இப்போதும் சொல்கிறேன்.

இனி எடி. போன மாதம் உமக்குச் சொல்லித் தந்த விரல் வேலையை எடுத்துக்கொள்வோம். இரண்டாவது கம்பி. இடது கைச் சுட்டுவிரல் இரண்டாம் ஃப்ரெட்டில், அதாவது கழுத்தின் குறுக்கே பதித்த இரண்டாவது உலோகக் கட்டையில், அழுத்தியிருக்கிறது. வலது கை விரலால் ஒன்பதாம் ஃப்ரெட்டில் தட்டுகிறீர், ஒரு ஸ்வரம். விரலைக் கம்பியிலிருந்து கிள்ளி எடுக்கும்போது இரண்டாம் ஃப்ரெட்டின் ஸ்வரம் தானாக ஒலிக்கிறது. உடனே இடது கைச் சின்னவிரல் ஐந்தாம் ஃப்ரெட்டில் இறங்குகிறது, மூன்றாவது ஸ்வரம். ஒரே கம்பியில் மூன்று ஸ்வரம், மீட்டும் வேலை கிடையாது. நீர் இதை நிதானமாகச் செய்கிறீர், சரியாகவும் செய்கிறீர். 1978இல் வந்த எடியின் வான் ஹேலன் குழுவின் முதல் இசைத்தட்டில் 'எரப்ஷன்' என்ற துண்டின் பிற்பகுதி இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. எடிக்கு முன்பே இப்படித் தட்டியவர்கள் உண்டு. ஜெனசிஸ் குழுவின் ஸ்டீவ் ஹக்கெட் எழுபதுகளின் தொடக்கத்திலேயே செய்திருக்கிறார். எடி அதை ஒரு பேச்சுமொழியாக ஆக்கினார். மற்றவர்கள் தட்டும்போது வித்தை தெரியும், அவர் தட்டும்போது சிரிப்புக் கேட்கும். அவருடைய படங்களைப் பாரும், வாசிக்கும்போது சிரிக்காத படம் அரிது.

அந்தத் துண்டைப் பதிவுசெய்யத் திட்டமே இருக்கவில்லை. வரவிருந்த ஒரு கச்சேரிக்காக ஒலிப்பதிவுக் கூடத்தில் விரலைப் பழக்கிக்கொண்டிருந்தார். தயாரிப்பாளர் டெட் டெம்பிள்மன் காதில் விழுந்து, உடனே பதிவுசெய்யச் சொன்னார். ஒரு நிமிடம் 42 வினாடி.

கிட்டாரும் கடையில் வாங்கியதல்ல. உடலை ஐம்பது டொலருக்கும் கழுத்தை எண்பது டொலருக்கும் தனித்தனியே வாங்கிப் பொருத்தினார். வேறொரு கிட்டாரிலிருந்து, கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பைக் கழற்றிப் பூட்டினார், அது கீச்சிடாமல் இருக்க மெழுகில் தோய்த்தார். டேப் ஒட்டிச் சைக்கிள் பெயின்ட் அடித்தார். நாங்கள் புறக்கோட்டையில் கறுப்பு, வெள்ளை, சிவப்பு மூன்று நிறத்திலும் மின்சார டேப் வாங்கி, இருந்த ஒரே கிட்டாரில் கோடு கோடாக ஒட்டினோம். கம்பியைக் கொதிக்கவைப்பார் என்றும் வாசித்தோம். அவர் கொதிக்கவைத்தது புதுக் கம்பி இழுபட்டுச் சுருதி நிற்பதற்காக. எங்களுக்குக் காரணம் வேறு. கடற்காற்றில் வெள்ளவத்தையில் கம்பி மூன்று வாரத்தில் துருப்பிடித்துவிடும், புதுக் கட்டு வாங்கக் காசு இருக்காது. அம்மாவின் பால் காய்ச்சும் சட்டியில் தண்ணீர் வைத்து, கம்பியை வளையமாகச் சுருட்டிப் போட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவிடுவேன். தண்ணீர் தேநீர் நிறத்துக்கு வரும். எடுத்துத் துவாயில் துடைத்துப் பூட்டினால் இரண்டு நாளைக்கு ஒலி கண்ணாடி போல இருக்கும், பிறகு பழையபடி மங்கிவிடும். அந்தச் சட்டியில் அம்மா பிறகு பால் காய்ச்சவில்லை. அதை எனக்கென்றே ஒதுக்கி வைத்துவிட்டார்.

எனக்கு எடியை அறிமுகப்படுத்தியவர் பம்பலப்பிட்டியில் இருந்த, ஒல்லாந்தர் வழிவந்த ஒரு பறங்கியர். பிறகு மெல்பேர்னுக்குப் போய்விட்டார். எடியின் அப்பா யான் ஒல்லாந்தர், சாக்ஸபோனும் கிளாரினெட்டும் வாசித்தவர். அம்மா யூஜீனியா இந்தோனேசியாவில் பிறந்த கலப்பினப் பெண். எடி பிறந்தது 1955 ஜனவரியில், ஆம்ஸ்டர்டாமில். கலப்பினத்தவள் என்று அம்மா அங்கே பட்ட அவமானத்தைப் பற்றி எடி பேசியிருக்கிறார். 1962இல் குடும்பம் ஒரு பியானோவோடு கப்பலேறிக் கலிபோர்னியாவின் பசடீனாவுக்குப் போனது. இதைச் சொல்லும்போது அந்தப் பறங்கிப் பெரியவரின் முகம் மாறும். ஒல்லாந்தர் ஆண்ட ஜாவாவும் ஒல்லாந்தர் ஆண்ட கொழும்பும் ஒரே கப்பல் பாதையில் இருந்தவை. வுல்பெண்டால் தேவாலயம் அவர்கள் கட்டியது, கொம்பனித்தெரு மலாயரின் மூதாதையரில் பலரை ஜாவாவிலிருந்து கொண்டுவந்ததும் அவர்கள்தான். "எங்கள் ஆள்" என்று எடியைச் சொல்வார். அந்தச் சொந்தத்தை நான் மனதார ஏற்றுக்கொண்டேன்.

எடியின் பெயரே தெரியாத வீடுகளிலும் அவருடைய விரல் ஒலித்திருக்கிறது. மைக்கல் ஜக்சனின் 'பீட் இட்' பாட்டின் நடுவில் வரும் கிட்டார் அவருடையது. காசு வாங்காமல் வாசித்துக் கொடுத்தார். அந்தப் பாட்டு இருந்த 'த்ரில்லர்' தட்டு வந்தது 1982இல். வான் ஹேலனின் '1984' என்ற தட்டு அமெரிக்காவில் இரண்டாம் இடத்துக்கு மேல் ஏறாமல் தடுத்து நின்றதும் அதே 'த்ரில்லர்'தான்.

குழுவுக்கும் இரண்டாம் பாகம் இருந்தது. பாடகர் டேவிட் லீ ரோத் 1985இல் விலகினார். சாமி ஹேகர் வந்து பாடிய '5150' அடுத்த வருடமே முதலிடத்துக்குப் போனது. 1998இல் மூன்றாவது பாடகரோடு வந்த தட்டுக்கு 'வான் ஹேலன் III' என்றே பெயர் வைத்தார்கள். எந்தப் பாடகர் காலம் உண்மையான வான் ஹேலன் என்று எங்கள் கூட்டத்தில் நடந்த சண்டைக்குப் பக்கத்தில் பில்லும் டெட்டும் ஒன்றுமேயில்லை. நான் ரோத் பக்கம். ஆனால் யார் பாடினாலும் கிட்டார் ஒரே கை. அதனால்தான் யாராலும் அந்தக் குழுவை விட்டுவிட முடியவில்லை. பழைய நால்வரும் ஒருநாள் மறுபடி ஒரு மேடையில் நிற்பார்கள் என்று காத்திருந்தோம். ரோத் திரும்பி வந்தார். பேஸ் கிட்டார் மட்டும் மைக்கல் அந்தோனியிடமிருந்து எடியின் மகன் வொல்ஃப்காங்கிடம் போயிருந்தது. 2015 ஒக்டோபர் 4இல் ஹொலிவூட் பௌல் அரங்கில் வாசித்ததே கடைசி என்று அன்று எவருக்கும் தெரியாது.

2020 ஒக்டோபர் 7, புதன்கிழமை. மினுவாங்கொடைக் கொரோனாக் கொத்தணி வெளிப்பட்டு மூன்று நாள். பாடசாலைகளை மூடிவிட்டார்கள், என் வகுப்பையும் நிறுத்தியிருந்தேன். விடியற்காலை தொலைபேசியைத் திறந்தபோது டொரோண்டோ நண்பனின் தவறிய அழைப்புகள் ஏழு. அப்பாவைப் புற்றுநோய் கொண்டுபோய்விட்டது என்று வொல்ஃப்காங் அறிவித்திருந்தார். எடிக்கு வயது 65.

அதற்குப் பதினொரு நாளுக்கு முன்புதான் எஸ்.பி.பாலசுப்பிரமணியம் போயிருந்தார். உம்முடைய அம்மா அன்று சமைக்கவில்லை என்று நீரே சொன்னீர். அவருக்கு எஸ்.பி.பி. யார்? உறவில்லை, பேசியதில்லை. ஆனால் அவர் பல்லவிக்கு முன் மூச்சை இழுக்கும் இடம் உம்முடைய அம்மாவுக்குத் தன் மூச்சைப் போலத் தெரியும். அந்த மூச்சு நின்றுவிட்டது என்றால் உடம்பு அதைத் தன் இழப்பாகத்தான் எடுக்கும். என் அம்மாவும் எஸ்.பி.பி.க்காக அழுதவர். புதன்கிழமை காலை நான் மேசையில் தலையைக் கவிழ்த்திருந்தபோது, எடி யாரென்று தெரியாமலே, பக்கத்தில் வந்து தேநீரை வைத்துவிட்டு, "பாடுகிறவரா, வாசிக்கிறவரா?" என்று மட்டும் கேட்டார். வாசிக்கிறவர் என்றேன். "விரல் போய்விட்டது" என்றார்.

அன்று இரவு நாலு பேரும் தொலைபேசியில் சேர்ந்தோம். படத்தைப் பற்றி ஐந்து வாரமாக இழுபட்ட சண்டையை யாரும் எடுக்கவில்லை. கொட்டாஞ்சேனைக்காரன் 'எரப்ஷன்' போட்டான். முடிந்ததும் மறுபடி போட்டான். பிறகு உம்முடைய மாமாதான் முதலில் பேசினார்: "அந்தக் கடைசிக் காட்சி, கிழவர்கள் எழுந்து வாசிப்பது, எத்தனையாவது நிமிடத்தில் வருகிறது?" எடி அந்த வயதுக்கு வரப்போவதில்லை. கட்டிலிலிருந்து எழுந்து வாசிக்கும் எடியை நாங்கள் காணமாட்டோம். அடி பிந்தி விழுந்தாலும் பரவாயில்லை, ஒரு தடவை என்று அன்று நாங்கள் எல்லாரும் கேட்டிருப்போம். படத்தைத் திட்டியவர்களும்.

அந்த வருடம் நவம்பரில் வொல்ஃப்காங் அப்பாவுக்காக 'டிஸ்டன்ஸ்' என்ற பாட்டை வெளியிட்டார். அடுத்த ஜூனில் வந்த முதல் தட்டில் எல்லா வாத்தியமும் அவரே வாசித்தார், பாடவும் செய்தார். அப்பாவின் பாட்டுகளைத் தன் மேடையில் வாசிப்பதில்லை என்று நின்றவர், 2022 செப்டெம்பரில் லண்டன் வெம்ப்ளியில் டிரம்ஸ் கலைஞர் டெய்லர் ஹோக்கின்ஸின் நினைவுக் கச்சேரியில் இரண்டை வாசித்தார். நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். ஸ்வரமெல்லாம் எடியுடையவை. அடி வொல்ஃப்காங்கின் சொந்த அடி, இம்மி முன்னே விழுகிறது. எனக்கு அது பிடித்திருந்தது, கொட்டாஞ்சேனைக்காரனுக்குப் பிடிக்கவில்லை. மறுபடி சண்டை தொடங்கிவிட்டது.

சனிக்கிழமைக்கு முன் 'எரப்ஷன்' கேட்டுவிட்டு வாரும். உச்சியில் ஓரிடத்தில் பிழை விட்டுவிட்டேன் என்று எடியே சொல்லியிருக்கிறார். எந்த இடம் என்று நான் சொல்லமாட்டேன். நீர் கண்டுபிடித்து, வேகத்தைப் பாதியாகக் குறைத்து, அந்தப் பிழையோடு வாசித்துக் காட்டும். உம்முடைய மூன்றாவது கம்பி துருவேறியிருக்கிறது, கழற்றாமல் அப்படியே கொண்டுவாரும். சட்டி இன்னும் என்னிடம் இருக்கிறது.